சில்லுக்குள் பிறந்த சாவியின் குறை: 2017-ஆம் ஆண்டின் ரோகா நிகழ்வு குறித்த ஆய்வு

2017 அக்டோபர் 16 அன்று கணினிப் பாதுகாப்புத் துறையில் இரண்டு அறிவிப்புகள் ஒரே நாளில் வெளிவந்தன. வைஃபை இணைப்பைக் காக்கும் டபிள்யூபிஏ2 நெறிமுறையில் கண்டறியப்பட்ட ‘கிராக்’ என்னும் குறைபாடு செய்தித்தாள்களின் கவனத்தைப் பெரும்பாலும் ஈர்த்துக்கொண்டது. மற்றொன்று செக் குடியரசின் பிர்னோ நகரிலுள்ள மசாரிக் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஜெர்மனியின் இன்ஃபினியான் நிறுவனம் தயாரித்த பாதுகாப்புச் சில்லுகள், ஆர்எஸ்ஏ என்னும் குறியாக்க முறைக்காகத் தமக்குள்ளேயே உருவாக்கிய சாவிகளில், எல்லோருக்கும் தெரியக்கூடிய பொதுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியக் கூடாத தனிச் சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிட முடியும் என்று அது கூறியது. சிவிஇ-2017-15361 என்று பதிவான இந்தக் குறைபாட்டுக்கு ‘ரோகா’ என்று பெயரிட்டார்கள்.

என் மதிப்பீட்டில் அந்த இரண்டில் கூடுதல் ஆழமானது ரோகாதான். வைஃபை குறைபாட்டை ஒரு மென்பொருள் இற்றைப்படுத்தலால் சரிசெய்ய முடிந்தது. ரோகாவிலோ, பழுது திருத்தப்பட்ட பிறகும், அதற்கு முன் பிறந்த ஒவ்வொரு சாவியும் பழுதுபட்டதாகவே இருந்தது. சாவியைக் காப்பதற்கென்றே செய்யப்பட்ட சில்லு, காக்கும் வேலையில் எந்தக் குறையும் வைக்காமல், சாவியை உண்டாக்கும் வேலையில் தவறியது என்பதே இந்நிகழ்வின் மையம். இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் கருதியதால் விளைந்ததைத்தான் இங்கே பின்தொடர்கிறேன்.

சில்லின் பணி

தனிநபர் கணினிகளில் இந்தச் சில்லுக்கு டிபிஎம் (டிரஸ்டட் பிளாட்ஃபார்ம் மாட்யூல்) என்று பெயர். விரல் நகத்தளவே உள்ள இது தாய்ப்பலகையில் தனியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிற்காலக் கணினிகள் பலவற்றில் செயலியின் உள்ளேயே ஒரு பகுதியாக அமைந்திருக்கும். இதற்கான தரவரையறையை டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் என்னும் கூட்டமைப்பு வகுக்கிறது. 2009-இல் அது ஐஎஸ்ஓ 11889 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆனது.

கணினி இயங்கத் தொடங்கும்போது, ஒவ்வொரு கட்ட நிரலும் தனக்கு அடுத்து இயங்கவிருக்கும் நிரலின் சுருக்க மதிப்பை (அந்த நிரலை அடையாளம் காட்டும் குறுகிய எண்ணை) கணக்கிட்டுச் சில்லிடம் ஒப்படைக்கிறது. சில்லு அவற்றைத் தன் பதிவேடுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துவைக்கிறது. வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் போன்ற மென்பொருள், தன் தலைமைச் சாவியை இந்தப் பதிவேடுகளின் அன்றைய நிலையோடு பிணைத்து, சில்லின் மூலச் சாவியால் மூடி, வட்டிலேயே வைத்துவிடுகிறது. மறுமுறை கணினி அதே நிரல்களோடு அதே வரிசையில் எழுந்தால் மட்டுமே சில்லு அந்தப் பொதியைத் திறந்து தரும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும், தொடக்க நிரலை யாரேனும் மாற்றிவைத்தாலும் பொதி திறக்காது.

இந்த அமைப்பு முழுவதும் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. மூலச் சாவியின் தனிப்பகுதி சில்லை விட்டு எந்நாளும் வெளியே வராது என்பதே அது. டிபிஎம் 1.2 சில்லுகளில் இந்த மூலச் சாவி 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியாக இருந்தது. சில்லே அதைத் தனக்குள் உருவாக்கிக்கொண்டது.

அவசரத்தில் செய்த பகா எண்

2048 பிட் ஆர்எஸ்ஏ சாவிக்கு 1024 பிட் நீளமுள்ள இரண்டு பகா எண்கள் தேவை. அவற்றின் பெருக்குத்தொகை பொதுச் சாவியாக வெளியே போகிறது. அந்த இரண்டு எண்களும் இரகசியமாக உள்ளே இருக்கின்றன. முறைப்படி செய்வதானால், தற்செயலாக ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்து, அது பகா எண்தானா என்று சோதித்து, இல்லையென்றால் அடுத்ததை எடுக்க வேண்டும். இந்த அளவில் சராசரியாக 355 ஒற்றைப்படை எண்களுக்கு ஒன்றுதான் பகா எண்ணாக அமையும். மேசைக் கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறு சில்லுக்கு ஒவ்வொரு சோதனையும் பாரம். இதே வகைச் சில்லு பொதிந்த அட்டையைச் செருகிவிட்டுக் காத்திருப்பவர் அந்தத் தாமதத்தை நேரடியாக உணர்வார்.

ஆகவே இன்ஃபினியானின் மென்பொருள் நூலகம், அதாவது சில்லுக்குள் இருந்த ஆயத்த நிரல் தொகுப்பு, ஒரு குறுக்குவழியைக் கையாண்டது. 2, 3, 5, 7 என்று தொடங்கி 701 வரையிலான முதல் 126 பகா எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கி ஒரு பேரெண்ணை அது வைத்துக்கொண்டது. அதை ம என்போம். பிறகு, 65537 என்னும் எண்ணைத் தற்செயலான ஓர் அடுக்குக்கு உயர்த்தி, ம-வால் வகுத்து மீதியை எடுத்தது. ம-வின் தற்செயலான ஒரு மடங்கை அந்த மீதியோடு கூட்டியது. 65537 ஒரு பகா எண். ம-வின் காரணிகளில் அது இல்லை. எனவே இப்படிக் கிடைக்கும் எண், அந்த 126 பகா எண்களில் எதனாலும் வகுபடாது என்பது முதலிலேயே உறுதியாகிவிடுகிறது. பகா எண்ணாக இருப்பதற்கான வாய்ப்பு பன்மடங்கு கூடுகிறது, சோதனைகளும் குறைகின்றன. பொறியியல் நோக்கில் பார்த்தால் இது நேர்த்தியான யோசனை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கேடு அளவில் இருந்தது. ம மட்டுமே 971 பிட் நீளம் கொண்டது. 1024 பிட் எண்ணில் அதன் மடங்குக்கு மிஞ்சுவது 53 பிட் அளவே. அடுக்குக்குரிய தற்செயல் ஏறத்தாழ 255 பிட். 1024 பிட் நீளமுள்ளதாகத் தோன்றும் பகா எண்ணில் உண்மையான தற்செயல் சுமார் 308 பிட்தான். அதுவும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெரிய அளவே என்பதால், வடிவமைத்தவர்கள் அதில் ஆபத்தைக் காணாமல் இருந்திருக்கலாம். ஆனால் எண்களின் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டிலும், மிஞ்சிய எண்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்ததுதான் பெரிய தீங்காயிற்று.

பதினொன்றால் வகுத்துப் பார்த்தல்

இந்த அச்சை நம் கையாலேயே தொட்டுப் பார்க்க முடியும் என்பதால் இங்கே சற்று நிற்பது பயனுள்ளது. 65537-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 10. அந்தப் பத்தை மீண்டும் பத்தால் பெருக்கினால் 100. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 1. மறுபடி பெருக்கினால் மீண்டும் 10. எத்தனை அடுக்குக்குப் போனாலும் 10, 1, 10, 1 என்றே மீதி சுழலும். ம 11-ஆல் வகுபடும் எண் என்பதால் அதன் மடங்கைக் கூட்டுவது இந்த மீதியை மாற்றாது. ஆக, இந்த நூலகம் உருவாக்கிய ஒவ்வொரு பகா எண்ணும் 11-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 10 என்ற மீதியையே தரும். அப்படிப்பட்ட இரண்டைப் பெருக்கிக் கிடைக்கும் பொதுச் சாவியும் அதே இரண்டில் ஒன்றையே தரும்.

ஒழுங்காகப் பிறந்த சாவிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 1 முதல் 10 வரை எந்த மீதியும் வரலாம். 37-ஐ எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் வெளிப்படையானது. நல்ல சாவிக்கு 36 மீதிகள் வாய்க்கும். இந்தச் சில்லின் சாவிக்கு 1, 10, 26 ஆகிய மூன்று மட்டுமே. 11, 13, 17, 19, 37 ஆகிய ஐந்து சிறு எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தாலே, நல்ல சாவி ஒன்று தவறுதலாக இந்தச் சல்லடையில் தேறுவதற்கு 480-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைக் கருவி இதுபோல் இன்னும் பல பகா எண்களைப் பயன்படுத்தியது. தவறாகச் சுட்டும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம். 2048 பிட் பொதுச் சாவி என்பது 617 இலக்க எண். வலமிருந்து இலக்கங்களை மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் 11-இன் மீதியைக் காணும் பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தவர், பென்சிலும் தாளும் கொண்டே முதல் சோதனையைச் செய்துவிடலாம்.

இந்தச் சாவிகள் ஆண்டுக்கணக்கில் இணையத்தில் கிடந்தன என்பது இதைப் படித்த நாளிலிருந்து என்னை உறுத்திவரும் விஷயம். பாதிக்கப்பட்ட சில்லுகள் குறைந்தது 2012 முதலே புழக்கத்தில் இருந்தன.

வெளியிலிருந்து கண்ட வழி

மசாரிக் பல்கலைக்கழகக் குழுவினர் சில்லைத் திறந்து பார்க்கவில்லை. அதன் நிரலும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2016-இல் அவர்கள் 22 மென்பொருள் நூலகங்களையும் 16 வகை அட்டைகளையும் கொண்டு 6 கோடிக்கும் மேற்பட்ட ஆர்எஸ்ஏ சாவிகளை உருவாக்கி, பொதுச் சாவியைப் பார்த்து அது எந்த மூலத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா என ஆராய்ந்தார்கள். பெருமளவுக்கு முடிந்தது. அந்த ஆய்வில் இன்ஃபினியான் அட்டையின் சாவிகள் மற்றவற்றிலிருந்து விலகித் தனியே நின்றன. அதன் காரணத்தைத் தேடிப் போனவர்கள்தான் மட்டூஷ் நெமெத்ஸ், மாரெக் சீஸ், பெட்ர் ஷ்வெண்டா, டூஷன் கிளினெட்ஸ், வாஷெக் மாத்யாஷ் ஆகிய ஐவரும்.

டான் காப்பர்ஸ்மித் 1996-இல் காட்டிய ஒரு கணித முறை அவர்களுக்கு உதவியது. இரகசியப் பகா எண்ணைப் பற்றிய தகவலில் பாதி தெரிந்துவிட்டால் மீதியை விரைவாகக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அம்முறையின் பயன். இங்கே ம தெரியும். அடுக்கை ஊகித்துவிட்டால் மீதியும் தெரியும். மிஞ்சுவது மடங்கு ஒன்றுதான். ஆனால் ஊகிக்க வேண்டிய அடுக்குகள் 255 பிட் அளவுக்கு இருந்தன. குழுவினரின் நுட்பம் இந்த இடத்தில்தான் வெளிப்பட்டது. காப்பர்ஸ்மித் முறைக்கு ம முழுவதும் தேவையில்லை. அடுக்குகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் காரணிகளை ம-விலிருந்து நீக்கி, முறைக்குப் போதுமான அளவு மட்டும் எஞ்சும்படி அதைச் சுருக்கினார்கள். 971 பிட் ம 553 பிட்டாகக் குறைந்தது. முயன்று பார்க்க வேண்டிய அடுக்குகள் சுமார் 2,100 கோடிக்கு இறங்கின. ஒரு முயற்சிக்கு அவர்கள் பயன்படுத்திய செயலியில் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கே பிடித்தது.

அதன்படி 2048 பிட் சாவிக்கு, மிக மோசமான நிலையில், ஒற்றைச் செயலிக் கருவுக்கு 140.8 ஆண்டுகள் ஆகும். கேட்பதற்கு நீண்ட காலமாகத் தோன்றினாலும், வேலையை எத்தனை கருவுக்கு வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம். ஆயிரம் கருக்களை வாடகைக்கு எடுத்தால் 52 நாட்களுக்குள் முடியும், சராசரியாக அதில் பாதிதான். அன்றைய விலையில் இதற்கான செலவை 20,000 முதல் 40,000 டாலர் வரை என்று கணித்தார்கள். 1024 பிட் சாவிக்கு ஒற்றைக் கருவிலேயே 97 நாட்களும் 40 முதல் 80 டாலரும் போதும். 512 பிட் சாவிக்கு இரண்டு மணி நேரம்.

2017 பிப்ரவரியில் இன்ஃபினியானுக்குத் தெரிவித்துவிட்டு, சாதனத் தயாரிப்பாளர்கள் திருத்தங்களை ஆயத்தம் செய்வதற்காக எட்டு மாதம் பொறுத்திருந்த பிறகே குழு பொதுவில் பேசியது. முழுக் கட்டுரையை அக்டோபர் இறுதியில் டாலஸ் நகரில் தொடங்கிய, கணினிப் பாதுகாப்புக்கான ஏசிஎம் மாநாட்டுக்கென ஒதுக்கிவைத்திருந்தது. ஆனால் முன்னறிவிப்பில் இருந்த குறிப்புகளை மட்டும் கொண்டு குறியாக்கவியலாளர்களான டேனியல் பெர்ன்ஸ்டைனும் டான்யா லாங்கேயும் தாக்குதலைத் தாமாகவே மீட்டுருவாக்கி, அதைச் சற்று வேகமாக்கியும் காட்டினார்கள். குறைபாடு எங்கே என்று ஒருமுறை கைகாட்டப்பட்டுவிட்டால், தேர்ந்த ஒருவர் அந்த இடத்தைச் சென்றடைய அதிக நாள் ஆகாது என்பதற்கு இது சாட்சி.

எஸ்டோனியாவும் தனிநபர் கணினியும்

அதே நூலகம் எஸ்டோனியாவின் தேசிய அடையாள அட்டையிலும் இருந்தது. 13 லட்சம் பேர் வாழும் அந்நாட்டில், 2014 அக்டோபருக்குப் பின் வழங்கப்பட்ட ஏறத்தாழ 7.5 லட்சம் அட்டைகள் பாதிப்புக்கு உள்ளாயின. அந்த அட்டையால்தான் அங்கே மக்கள் ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகிறார்கள்; இணையத்தில் வாக்களிப்பதும் அதனால்தான். ஆகஸ்ட் 30 அன்று செய்தி எட்டியது. செப்டம்பர் 5 அன்று பிரதமர் யூரி ரத்தாஸ் நேரடியாக நாட்டு மக்களிடம் அறிவித்தார். உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்போது சில வாரங்களே இருந்தன. பொதுச் சாவிகளின் திறந்த பட்டியலை மூடினார்கள். அதே சில்லால் ஆர்எஸ்ஏ தவிர, நீள்வட்ட வளைவு என்னும் வேறொரு கணித முறையின் சாவிகளையும் உருவாக்க முடியும், அவை இந்தக் குறையால் பாதிக்கப்படாதவை என்பதால், அட்டைகளைத் தொலைவிலிருந்தே அதற்கு மாற்றும் ஏற்பாட்டைச் செய்தார்கள். நவம்பர் 3 அன்று பழைய சான்றிதழ்களை நிறுத்திவைத்தார்கள். ஓர் அரசு தன் பிழையில்லாத பிழைக்கு இவ்வளவு வெளிப்படையாக முகங்கொடுத்தது மதிக்கத்தக்கது.

தனிநபர் கணினி வைத்திருந்தவர்களுக்கு இப்படி யாரும் வந்து சொல்லவில்லை. உலகில் பயன்பாட்டிலிருந்த டிபிஎம் சில்லுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. எச்பி, லெனோவோ, ஃபுஜிட்சு உள்ளிட்ட தயாரிப்பாளர்களின் கணினிகளில் இச்சில்லுகள் இருந்தன, குரோம்புக்குகளிலும் இருந்தன. அட்டை என்றால் வழங்கியவர் ஒருவர், வைத்திருப்பவர் பெயரும் அவரிடம் உண்டு. கணினியிலோ சில்லைச் செய்தவர் ஒருவர், தாய்ப்பலகையில் பொருத்தியவர் வேறொருவர், இயங்குதளம் தந்தவர் மூன்றாமவர். சில்லுக்குள் இயங்கும் நிரலான ஃபர்ம்வேரை இன்ஃபினியான் திருத்தித் தந்தாலும், ஒவ்வொரு மாதிரிக்கும் அதைப் பொதிந்து தர வேண்டியவர் கணினித் தயாரிப்பாளர். அதைத் தேடி எடுத்து நிறுவ வேண்டியவர் வீட்டில் இருப்பவர். மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 10 அன்று வெளியிட்ட இற்றைப்படுத்தல் ஓர் இடைக்கால மருந்து: தேவையான இடங்களில் சில்லைக் கேட்காமல் விண்டோஸே சாவியை உருவாக்கும்படி செய்தது. ஏற்கெனவே பிறந்த சாவிகளை அது தொடவில்லை.

டிபிஎம் 1.2 சில்லோடு பிட்லாக்கர் பயன்படுத்திய மடிக்கணினி திருடுபோனால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்போம். மூலச் சாவியின் பொதுப்பகுதி கிடைத்துவிட்டால், மேற்சொன்ன செலவில் அதன் தனிப்பகுதியைக் கணக்கிடலாம். அதன்பின் வட்டிலுள்ள பொதியைத் திறக்கச் சில்லின் தயவு தேவையில்லை. தொடக்க நிரல் மாறியதா என்று பதிவேடுகள் சரிபார்க்கும் கட்டமே வராது. 40,000 டாலர் செலவழித்து ஒரு குடும்பத்தின் புகைப்படங்களை எடுக்க யாரும் வர மாட்டார்கள். வழக்கறிஞரின் கணினி, செய்தியாளரின் கணினி, ஒரு நிறுவனத்தின் கணக்குகள் உள்ள கணினி என்றால் அந்தத் தொகை பெரிதல்ல.

சான்றிதழ் எதைப் பார்த்தது

இந்த நூலகம் சான்றிதழ் பெறாததன்று. காமன் கிரைடீரியா என்னும் பன்னாட்டுப் பாதுகாப்பு மதிப்பீட்டு முறையில் ஐந்தாம் நிலைக்கும் மேற்பட்ட தரச் சான்று பெற்ற சில்லுகளிலும், அமெரிக்காவின் ஃபிப்ஸ் 140-2 சான்று பெற்ற சாதனங்களிலும் அது இருந்தது; ஜெர்மனியின் கூட்டரசுத் தகவல் பாதுகாப்பு அலுவலகம் அதற்குச் சான்றளித்திருந்தது. அத்தகைய மதிப்பீட்டில், சில்லின் மேற்பரப்பை அரித்துத் திறந்தால் என்ன ஆகும், மின்னோட்ட ஏற்ற இறக்கத்திலிருந்து இரகசியம் கசிகிறதா என்பவை போன்ற கேள்விகள் முதன்மை பெறுகின்றன. அந்தக் கேள்விகள் வீணானவை அல்ல. 2010-இல் பாதுகாப்பு ஆய்வாளர் கிறிஸ்டோஃபர் டார்னோவ்ஸ்கி, இன்ஃபினியானின் முந்தைய தலைமுறைச் சில்லு ஒன்றை அமிலத்தால் அரித்து, நுண்ணூசிகளை உள்ளே செலுத்தி இரகசியங்களைப் படித்துக் காட்டியதற்கு மாதக்கணக்கான ஆய்வகப் பணி தேவைப்பட்டது; ஒரு சில்லில் பெற்ற வெற்றி இன்னொரு சில்லைத் திறந்துவிடவும் இல்லை. சுவர் வலுவாகவே இருந்தது.

பகா எண் உருவாக்கும் முறை மட்டும் வெளியாருக்குக் காட்டப்படாமல் இருந்தது. நிறுவனமும் மதிப்பீட்டாளரும் தவிர வேறு எவரும் அதைப் படிக்க வாய்ப்பில்லை. தொடக்கத்திலேயே அந்தச் சூத்திரத்தை வெளிப்படையாக அச்சிட்டிருந்தால், காப்பர்ஸ்மித் முறையை அறிந்த எண்ணியலாளர் எவரேனும் ஐயப்பட்டிருப்பார் என்றே நம்புகிறேன். மறைத்துவைத்ததால் தாக்குபவருக்குத் தடை எதுவும் ஏற்படவில்லை. ஏனெனில் விடை பொதுச் சாவியிலேயே எழுதப்பட்டிருந்தது. திருத்தக்கூடியவர்களுக்குத்தான் தடை ஏற்பட்டது.

யூபிகி 4 என்னும் சாவிக் கருவியின் அனுபவம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. அதே நூலகம் அதிலும் இருந்தது. கருவிக்குள்ளேயே ஆர்எஸ்ஏ சாவியை உருவாக்கியவர்கள் பாதிக்கப்பட்டார்கள். தம் கணினியில் ஒரு திறந்த மென்பொருளால் சாவியை உருவாக்கிப் பிறகு கருவிக்குள் ஏற்றியவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. சாவி ஒருபோதும் சில்லுக்கு வெளியே இருக்கக் கூடாது என்ற கடுமையான விதியைப் பின்பற்றியவர்களே நட்டப்பட்டார்கள் என்பது வருத்தமானது. விதி தவறானது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. அந்த விதி சில்லின் தற்செயல் எண்ணையும் கணக்கையும் முழுமையாக நம்பச் சொல்கிறது. அந்த நம்பிக்கைக்குரிய பரிசோதனைதான் நடக்காமல் போயிற்று.

பழைய கணினியில் பார்க்க வேண்டியவை

2012-க்கும் 2017-க்கும் இடையில் விற்கப்பட்ட மடிக்கணினிகள் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி இன்றும் புழக்கத்தில் உள்ளன. அப்படியொன்று கையில் இருந்தால், விண்டோஸில் டிபிஎம்.எம்எஸ்சி என்ற மேலாண்மைத் திரையைத் திறந்தால் கீழ்ப்பகுதியில் தயாரிப்பாளர் பெயரும் பதிப்பு எண்ணும் தெரியும். ஐஎஃப்எக்ஸ் என்று இருந்தால் அது இன்ஃபினியான். பதிப்பு 5-இல் தொடங்கினால் 5.62-க்கு முந்தையவையும், 7-இல் தொடங்கினால் 7.62-க்கு முந்தையவையும் பழுதுள்ளவை. நிகழ்வுப் பதிவேட்டில் 1794 என்ற எண்ணோடு எச்சரிக்கை பதிவாகியிருப்பதையும் காணலாம்.

திருத்துவதில் வரிசை முக்கியம். முதலில் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதியோ வேறிடத்தில் சேமித்தோ வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். பிறகு கணினித் தயாரிப்பாளர் அந்த மாதிரிக்கென்று தந்த ஃபர்ம்வேரை நிறுவி, சில்லை அழித்துப் புதிதாகத் தொடங்கச் செய்ய வேண்டும். நிறுத்திவைக்காமல் அழித்துவிட்டால் அடுத்த முறை கணினி அந்த 48 இலக்கங்களைக் கேட்டு நிற்கும். அவை இல்லாதவருக்குத் தம் வட்டே அந்நியமாகிவிடும். ஃபர்ம்வேரை மட்டும் மாற்றிவிட்டுச் சில்லை அழிக்காமல் விட்டவர்கள், திருத்திவிட்டோம் என்ற எண்ணத்தில் பழைய மூலச் சாவியையே தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள்.

விண்டோஸ் ஹலோ, மெய்நிகர் அட்டை போன்றவற்றுக்காகச் சில்லு உருவாக்கித் தந்த சாவிகளையும் புதிதாக உருவாக்க வேண்டும். அந்தப் பழைய பொதுச் சாவிகளை எந்தெந்த வழங்கியிலும் சேவையிலும் பதிவுசெய்திருக்கிறோமோ அங்கெல்லாம் போய் அவற்றை நீக்குவது கடைசி வேலை. நீக்கும் வரை, அந்த 617 இலக்க எண் யார் வகுத்துப் பார்த்தாலும் 11-க்கு 1 அல்லது 10 என்றும், 37-க்கு 1, 10, 26 ஆகிய மூன்றில் ஒன்றையும் விடையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.